பதினேழாம் புள்ளியின் மண்

இன்று காலை நானாட்டானிலிருந்து ஒரு கமக்காரர் எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒரு சோடாப் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தார். வயலோரம் புதிதாக அடித்த குழாய்க்கிணற்றுத் தண்ணீர். "குடிக்கலாமோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ மிஸ், ஒரு மாதிரி மணக்குது" என்றார். மூடியைத் திறந்தேன். கூழ்முட்டை மணம். மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். "என்ன மிஸ், கூடாத தண்ணியோ?" என்று அவர் பயந்துபோய்க் கேட்டார். "இல்லை ஐயா, பாத்துச் சொல்லுறன்" என்று அவரை அனுப்பிவிட்டுக் கதிரையில் இருந்தேன். இந்த மணம் வந்தால் நீயும் வந்துவிடுகிறாய்.

உனக்கு எழுத வேண்டும் என்று பல தடவை நினைத்து, என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டிருக்கிறேன். இப்போதும் தெரியவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்பதா, நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று உன்னோடு சண்டை பிடிப்பதா, இரண்டில் எது நியாயம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எங்கே பிழைத்தது என்று எழுதும்போதாவது தெரிகிறதா பார்ப்போம்.

பல்கலைக்கழகத்தில் முதல் நாள் நீதான் என்னிடம் வந்து கதைத்தாய். "நீங்க மன்னார் எண்டு சொன்னாங்க. நானும் மன்னார்தான். ஆனா எனக்கு மன்னாரத் தெரியாது" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் விளங்கியது. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது சிலாவத்துறையிலிருந்து புத்தளத்துக்குப் போன ஐந்து வயதுப் பிள்ளை நீ. ஓலைக் கொட்டில்களுக்கு நடுவே வளர்ந்தவள். அதே வருடம்தான் நாங்களும் பேசாலையிலிருந்து வள்ளமேறி இந்தியக் கரையில் அகதி முகாமுக்குப் போனோம். சண்டை ஓய்ந்திருந்த ஓர் இடைவெளியில்தான் திரும்பி வந்தோம். இருவரும் ஒரே வயது. இருவருக்கும் ஊர் என்பது பெரியவர்கள் சொல்லிக் கேட்டது. அதனால்தானோ என்னவோ, மூன்றாம் நாளே "நீங்கள்" போய் "நீ" வந்துவிட்டது.

படிப்பு முடிந்ததும் நீ கொழும்பில் நிலத்தை ஆராய்கிற கந்தோரில் சேர்ந்தாய். நான் மன்னாரில் தண்ணீர் பரிசோதிக்கிற வேலைக்கு வந்தேன். சண்டை முடிந்து உங்கள் சனம் சிலாவத்துறை இருக்கிற முசலிக் கரைக்குத் திரும்பத் தொடங்கியிருந்த காலம் அது. திரும்பியவர்களுக்காக சிலாவத்துறைக்குப் பக்கத்தில் ஓர் ஆழமான குழாய்க்கிணறு அடித்தார்கள். அதிலிருந்து தண்ணீர் சுடச்சுட வந்தது. கையை வைத்தால் பிள்ளைகளைக் குளிக்க வார்க்கிற தண்ணீர் மாதிரிச் சூடு. கூழ்முட்டை மணம் வேறு. சிலர் குண்டு மருந்து கலந்துவிட்டது என்றார்கள். சிலர் அதில் முழுகினால் மூட்டுவலி போகும் என்று வாளியோடு வந்தார்கள். நிலத்துக்குக் கீழே நெருப்பு இருக்கிறதா, அப்படியானால் அதில் மின்சாரம் எடுக்கலாமா என்று மேலிடத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துச் சொல்லத்தான் உன்னை அனுப்பினார்கள்.

நீ வாகனத்திலிருந்து இறங்கிய அன்று நான் கேட்ட முதல் கேள்வி, "கீழ இருக்கிற சூட்ட மேல நிண்டு எப்பிடியடி கண்டுபிடிப்பாய்?" என்பதுதான். நீ நிலத்தில் குந்தியிருந்து ஒரு குச்சியால் கீறிக் காட்டினாய். சூட்டை யாரும் நேரே பார்க்க முடியாது. துளைத்துப் பார்க்கிற செலவுக்கு முதல், மேலே வந்து சேர்கிற அடையாளங்களைப் பொறுக்க வேண்டும். சூடான தண்ணீர் பாறையிலிருந்து சிலிக்காவைக் கூடக் கரைக்கும். ஆறிய பிறகும் அதில் கொஞ்சத்தை வைத்திருக்கும். சோடியமும் பொற்றாசியமும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதும் சூட்டைப் பொறுத்தது. மண்ணுக்குள் இரும்புக் கம்பியை இறக்கி வாயுவை உறிஞ்சிப் பார்க்கலாம். எல்லாவற்றையும் விட இரசம். சூட்டில் அது ஆவியாகி மேலே ஏறி, மேல்மண்ணில் ஒட்டிக்கொள்ளும். எந்த இடத்து மண்ணில் இரசம் கூடவோ, அந்த இடத்துக்குக் கீழே சூடு இருக்கலாம்.

"இருக்கலாம்" என்பதை நீ அழுத்திச் சொன்னாய்.

குழாய்க்கிணற்றடியில் வாளியோடு நின்ற ஒரு பெண் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரசத்துக்குப் புளியும் மிளகும் காணாதா புள்ள? மண்ணுமா வேணும்?" என்றாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அந்த ரசம் இல்ல மாமி, காய்ச்சல் பாக்கிற குழாய்க்குள்ள வெள்ளியா ஓடுமே, அது" என்று அவளுக்கும் விளங்கப்படுத்தினாய்.

படத்தில் கட்டம் போட்டு, கோடுகள் சந்திக்கிற இடமெல்லாம் புள்ளி வைத்திருந்தாய். விடுமுறை எடுத்துக்கொண்டு நானும் உன்னோடு வந்தேன். கரையோர உப்பு மண், பற்றைக்காடு, கூரையில்லாத பழைய வீடுகள், புதிதாகக் கட்டிய தறப்பாள் கொட்டில்கள் என்று எல்லா இடமும் நடந்தோம். ஒரு புள்ளி யாரோ குப்பை எரித்த இடத்தில் விழுந்தது. நான் மண்ணை அள்ளப் போனபோது தடுத்தாய். "மேல கிடைக்கிறது எல்லாம் கீழயிருந்து வந்ததில்ல" என்று சொல்லி, பத்தடி தள்ளி எடுக்க வைத்தாய்.

பதினேழாம் புள்ளி உங்கள் வளவில் விழுந்தது. நீ அதை முதலே கண்டிருப்பாய், எனக்குச் சொல்லவில்லை. வேலி இல்லை, வீடு இல்லை. பற்றைக்குள் ஒரு சீமெந்து நிலம் மட்டும் வெடித்துக் கிடந்தது. "இது எங்கட முன் அறை" என்றாய். புள்ளி அந்தச் சீமெந்துக்குப் பக்கத்து வெறும் நிலத்தில் விழுந்திருந்தது. "கொஞ்சம் தள்ளி எடுப்பமா?" என்று நான்தான் கேட்டேன். "வேண்டாம். விழுந்த இடத்தில எடு" என்றாய். பிறகு என் கையிலிருந்த கரண்டியை வாங்கி நீயே எடுத்தாய்.

இந்த ஒரு காட்சியை நான் எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? குப்பை எரித்த இடத்தில் தள்ளிப் போனவள் இங்கே ஏன் தள்ளிப் போகவில்லை? அப்படியானால் அந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்று அன்று உனக்கு நினைவில் இருக்கவில்லை. ஆனால் அப்படிச் சொல்லவும் எனக்கு என்ன ஆதாரம்?

மண்ணைச் சூடாக்கி இரசத்தை அளக்கிற கருவியைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்து என் மேசையில் வைத்திருந்தாய். தண்ணீரை நான் பார்த்தேன், மண்ணை நீ பார்த்தாய். ஆரம்பத்திலிருந்தே எல்லாம் குழப்பம்தான். அந்தக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரின் சிலிக்காவைக் கேட்டால், கீழே ஓரளவு சூடு இருக்கிறது என்றது. சோடியமும் பொற்றாசியமும் எரிமலையே இருக்கிறது என்றன. மக்னீசியத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒன்றுமே இல்லை என்று வந்தது. "மூண்டு டொக்டரிட்டக் காட்டின வருத்தக்காரன் மாதிரி" என்று சொல்லி நீ தலையில் கை வைத்தாய். கடல் தண்ணீர் கலந்திருப்பதால் சோடியத்தை நம்ப முடியாது என்றாய். கூழ்முட்டை மணமும் சூட்டால் வந்ததாக இருக்கத் தேவையில்லை, உப்புத் தண்ணீரில் வாழ்கிற நுண்ணுயிர்களே அதைச் செய்யும் என்றாய். மிஞ்சியது இரசம் ஒன்றுதான்.

எல்லாப் புள்ளிகளிலும் இரசம் மிகக் குறைவாக, ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தது. பதினேழில் மட்டும் கருவியின் முள் எகிறியது. மூன்று தரம் திருப்பிச் செய்தாய். மூன்று தரமும் அப்படியே. கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளினேன். நீ கருவியை நிற்பாட்டிவிட்டு, "தலையிடிக்குது, நாளைக்குப் பாப்பம்" என்றாய்.

இரண்டு கிழமை கழித்து நீ அறிக்கையின் வரைவைக் கொண்டுவந்தாய். என் கையொப்பமும் அதில் வேண்டும். அட்டவணையைப் பார்த்தேன். பதினாறு. அடுத்தது பதினெட்டு.

"பதினேழு எங்க?"

"எடுத்திட்டன்."

அப்போது பின்னேரம். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, தாள்கள் பறக்காமல் நீ உன் கையை அவற்றின்மேல் வைத்திருந்தாய். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நான் சொன்னேன்: "உங்கட காணி எண்டபடியாத்தானே எடுத்தனி? சூடு இருக்கெண்டு எழுதினா அரசாங்கம் காணியப் பிடிச்சுப் போடும் எண்டு பயம். அதுதானே?"

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். "ஓம்" என்றாய். "என்ர காணி எண்டபடியாத்தான் எடுத்தனான்."

அவ்வளவுதான். வேறு ஒரு சொல் இல்லை. பல்கலைக்கழக விடுதியில் என் சீப்பை எடுத்துத் தலை வாரியதைக்கூட ஒளிக்காமல் சொல்கிறவள் நீ. அன்று தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாய். நான் கையெழுத்து வைக்கவில்லை.

அடுத்த நாள் உன் கந்தோரின் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். ஒரு மாதிரியின் முடிவு அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டுள்ளது, அந்த இடம் ஆய்வாளரின் குடும்பக் காணி, என்று எழுதினேன். பொய் ஒன்றும் எழுதவில்லை. இப்போது யோசித்தால் அந்தக் கடிதத்தில் என் நேர்மை எவ்வளவு, நீ கொழும்பில் இருக்கிறாய், நான் இங்கே போத்தல் கழுவிக்கொண்டிருக்கிறேன் என்கிற எரிச்சல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் இருந்தன.

பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. உன்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். யாரோ வந்து உங்கள் வளவைச் சுற்றிக் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினார்கள். ஆய்வு முடியும்வரை அங்கே ஒன்றும் கட்டக்கூடாது என்றார்கள். அந்த நேரம் உன் உம்மாவும், நீ நானா என்று கூப்பிடுகிற அண்ணனும் புத்தளத்திலிருந்து வந்து, வீட்டுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். வெட்டிய குழி அப்படியே கிடந்தது. மாரி வந்து அதில் தண்ணீர் நின்றது. உம்மா பக்கத்து வளவில் தறப்பாளுக்குக் கீழே இருந்தார். நீ எனக்கு ஒரு தரமும் தொலைபேசி எடுக்கவில்லை. நீ எடுப்பாய் என்று நான் பார்த்திருந்தேன். நான் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உனக்கு இரத்தத்தில் வருத்தம் என்று எங்களோடு படித்த ஒருத்தி சொன்னாள். கொழும்பு ஆசுபத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்றாள். வருகிற மாதம் லீவு எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். அந்த மாதம் வருவதற்குள் அவளே மறுபடியும் தொலைபேசி எடுத்தாள். "அடக்கியும் முடிஞ்சுதாம், புத்தளத்தில" என்றாள். அப்போது நான் ஒரு பரிசோதனைக் குழாயைக் கையில் வைத்திருந்தேன். அதை வைத்துவிட்டு அழ வேண்டும் என்று கூடத் தெரியாமல், அந்தத் தண்ணீரின் அளவை எடுத்துக் கொப்பியில் எழுதினேன். பிறகு பார்த்தபோது பிழையான கட்டத்தில் எழுதியிருந்தது.

நாற்பதாம் நாள் கழிந்துதான் சிலாவத்துறைக்குப் போனேன். உம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். என் கடிதத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். பின்னேரம் உம்மாவும் உன் நானாவும் நானுமாக வளவைப் பார்க்க நடந்தோம். சிவப்புத் துணிகள் வெளிறிப் போயிருந்தன. உம்மா அந்த வெறும் நிலத்தைக் காட்டி, "இதிலதான், மகள், அவட வாப்பாட டிஸ்பென்சரி இருந்திச்சு. தகரத்தால அடிச்ச ஒரு அறை" என்றார்.

உன் வாப்பா டிஸ்பென்சரி வைத்திருந்தவர் என்று எனக்குத் தெரியும். நீ சொல்லியிருக்கிறாய். ஆனால் அது கடைத்தெருவில் இருந்தது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். "அங்க என்னென்ன இருந்தது உம்மா?" என்று கேட்டேன்.

"மருந்துப் போத்தல், தராசு, காய்ச்சல் பாக்கிற குழாய், பிரஷர் பாக்கிற பெட்டி. அந்தப் பெட்டிய இவன்தான் விழுத்தி உடைச்சான். வாப்பா அடிச்ச அடி!" என்று உம்மா நானாவைக் காட்டினார்.

நானா தலையை ஆட்டினார். "இல்ல உம்மா. அடி வாங்கினது நான். உடைச்சது அவள். மேசையில ஏறி இழுத்தவள். உள்ளுக்கிருந்த ரசம் வெள்ளி மணி மாதிரி நிலமெல்லாம் ஓடிச்சு. ரெண்டு பேரும் துரத்தித் துரத்திப் பிடிச்சம்."

"அவள் அண்டைக்கு வீட்டிலயே இல்ல. மாமி வீட்டில நிண்டவள்."

"உம்மா, எனக்குத் தெரியாதா?"

மண்ணின்மேல் கொட்டிய இரசம். அதைத்தான் நாங்கள் பூமியின் சூடு என்று நினைத்தோம். நானா சொன்னது சரி என்றால் நீ அதை உன் கையால் கொட்டினாய், அளவு எகிறியதைக் கண்டதும் உனக்கு நினைவு வந்திருக்கும், "என்ர காணி எண்டபடியாத்தான்" என்று நீ சொன்னதற்கு "அங்கே என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்" என்பது பொருள். உம்மா சொன்னது சரி என்றால் உனக்கு ஒன்றுமே தெரியாது, நீ பயத்தில்தான் பதினேழை நீக்கினாய், நான் அன்று கேட்டதே உண்மை. அந்தச் சிவப்புத் துணிகளுக்கு நடுவில் தாயும் மகனும் உன்னைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என்னால் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. அதே மேலதிகாரிக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். முதல் கடிதத்தில் நான் விசாரிக்காமல் எழுதிவிட்டேன் என்றும், அந்த இடத்தில் ஆழமாக வெட்டி மண் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டேன். பல மாதம் கழித்துக் கருவியோடு ஒருவரை அனுப்பினார்கள். நானே குழி வெட்டினேன். மேல்மண், முழங்கை ஆழத்து மண், ஆள் இடுப்பளவு ஆழத்து மண் என்று தனித்தனியாக எடுத்தோம். கீழேயிருந்து ஏறி வந்த இரசம் என்றால் ஆழத்திலும் இருக்க வேண்டும். மேல்மண்ணில் நிறைய இருந்தது. முழங்கை ஆழத்தில் கொஞ்சம். இடுப்பளவில் மற்றப் புள்ளிகளில் இருந்த அளவுதான். அது மேலேயிருந்து கொட்டியது, சந்தேகமில்லை.

அறிக்கையைத் திருத்தி எழுதினார்கள். தண்ணீர் சூடாக இருப்பதற்குக் கிணற்றின் ஆழமே போதிய காரணம், கீழே போகப் போக எந்த நிலமும் சுடத்தான் செய்யும், இங்கே தனியான வெப்பமூலம் இருப்பதற்கு அடையாளம் இல்லை என்று முடித்தார்கள். முதல் பக்கத்தில் உன் பெயரைத் திரும்பப் போட்டார்கள். கம்புகளைப் பிடுங்கினார்கள். உம்மாவின் வீடு எழும்பியது. நீ செய்தது சரி என்று தாளில் ஆகிவிட்டது. அது தெரிந்து செய்த சரியா, தற்செயலாக வந்த சரியா என்று எந்தக் கருவியும் காட்டவில்லை.

வீடு குடிபுகுந்து கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே அங்கே போனேன். உம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். இனியும் ஒளித்து வைக்க முடியவில்லை.

"உம்மா, அந்தக் கடிதம் எழுதினது நான்தான். என்னாலதான் எல்லாம் நிண்டது."

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "தெரியும் மகள். அவள் சொன்னவள்."

"என்ன சொன்னவள்?"

"கோவமா ஒண்டும் சொல்லல்ல. 'அவள் எழுதினது சரிதான் உம்மா, நானெண்டாலும் எழுதத்தான் செய்வன். ஆனா ஏனெண்டு ஒரு சொல்லு என்னைக் கேக்கல்ல' எண்டாள்."

"உங்களிட்டயாவது சொன்னவளா உம்மா, ஏனெண்டு?"

உம்மா அப்போதுதான் கத்தியை வைத்தார். "நானும் கேக்கல்ல மகள். சுகமில்லாம படுத்திருக்கிற புள்ளயிட்ட என்னத்தைக் கேக்கிற?"

உண்மைதான், நான் கேட்கவில்லை. காரணத்தையும் நானே சொல்லி, "அதுதானே?" என்று முடித்தும் வைத்தேன். உனக்கு ஓம் என்று சொல்வதைத் தவிர நான் என்ன இடம் விட்டேன்? ஆனால் நீயும் ஏன் என்னைத் தடுக்கவில்லை? "விசரி, அது வாப்பாட டிஸ்பென்சரி" என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? ஒருவேளை உனக்கு நினைவும் இருந்தது, பயமும் இருந்தது, இரண்டில் எதற்காகப் பதினேழை நீக்கினாய் என்று உனக்கே தெரியவில்லை என்றும் இருக்கலாம். இப்படி நினைக்கும்போதுதான் நீ எனக்குக் கொஞ்சம் விளங்குகிறாய்.

எனக்குள் மிஞ்சியிருப்பது, உன்னிடம் கேட்காமல் விட்ட அந்த 'ஏன்' என்கிற கேள்விதான். போன கிழமை என் மனுசன் நான்கு நாள் தொடர்ந்து கடலுக்குப் போகவில்லை. பேசாலையில் எல்லா வள்ளமும் போகிறது, இவர் கரையில் வலையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார். சோம்பல் என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டுப் பக்கத்தில் போய் இருந்து, "ஏன் போகேல்ல?" என்று மட்டும் கேட்டேன். அவர் மடியிலிருந்த வலையை விரலால் நீவிக்கொண்டிருந்தார். நான் எழும்பவில்லை. வெயில் ஏறி எங்கள் காலடிக்கு வரும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.

"இடது கண்ணில ஒரு நிழல் மாதிரி விழுது" என்றார் கடைசியில். "சொல்லப் பயமாக் கிடந்தது."

வெள்ளிக்கிழமை ஆசுபத்திரிக்குப் போகிறோம். உன்னிடம் கேட்டிருக்க வேண்டியதை நான் அவரிடம் கேட்டேன்.